ரெண்டு காதோட கேட்க எது?

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வேண்டியதே இல்லை. பட்டியலாக வேண்டியது.

ஈரத் தீப்பெட்டி என்று ஒரு ராக் குழு. முப்பத்தொரு வருடம், பதினோரு ஆல்பம், ஒரே பாடகர், ஓடிப்போன நாலு டிரம்மர்கள், ஓடிப்போகாத இரண்டு கிட்டார்காரர்கள். இவர்களுக்காக நாங்கள் சில பைத்தியங்கள் சேர்ந்து ஓர் இணையதளம் நடத்துகிறோம். எங்களுக்குள் ஆல்பத்தின் பெயரைச் சொல்லும் பழக்கம் கிடையாது. எண்தான். "நாலு கேட்டியா?" "ஒன்பது தாங்கலடா சாமி." பக்கத்தில் நிற்பவர்கள் பஸ் ரூட் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன மாதம் ஒரு வாக்கெடுப்பு வைத்தோம். தீப்பெட்டியின் ஆல்பங்களிலேயே ஆகச் சிறந்தது எது? இலக்கத்தில் அனுப்பவும், வேறு எதுவும் வேண்டாம். வந்ததை எண்ணி, ஜெயித்தது ஏன் ஜெயித்தது என்று ஆயிரம் வார்த்தையில் விளக்குவது என் வேலை. விளக்குவதற்கு எனக்கு வாக்கெடுப்பே தேவையில்லை. ஏழு. ஏழுதான். மற்றவர்கள் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செல்லும் ஓட்டு நானூற்றுப் பன்னிரண்டு வந்தன. இங்கே நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். இலக்கம் இருக்கிற செய்தி ஒரு பக்கம், இல்லாதது இன்னொரு பக்கம் என்று வரும்போதே தானாகப் பிரிகிற மாதிரி அமைத்து வைத்தேன். இலக்கம் இல்லாத பக்கத்துக்கு 'செல்லாதவை' என்று பெயர். சனிக்கிழமை, எல்லாம் எண்ணி முடித்த குஷியில், அதைத் திறந்தேன். பத்தொன்பது இருந்தன. பதினெட்டு திட்டு. ("எல்லாமே குப்பை, இதுல பெஸ்ட் குப்பை வேறயா?") பத்தொன்பதாவது ஒரு பெண்ணிடமிருந்து வந்தது, இது:

"வணக்கங்க. எனக்கு இடது காதுல ஆபரேஷன். புதன்கிழமை காலையில. அதுக்கப்புறம் அந்தக் காது கேக்காது. ரெண்டு காதோட கடைசியா ஒரு தடவை கேக்க தீப்பெட்டியில எது நல்லது? நானும் தம்பியும் சண்டை போட்டு முடிவுக்கு வரல. நீங்க சொன்னா ரெண்டு பேரும் ஒத்துக்கறதா பேச்சு. சீக்கிரம் சொல்லுங்க."

படித்த வேகத்தில் பதில் அடித்தேன். "ஏழு! சந்தேகமே வேண்டாம்! கண்ணை மூடிக்கிட்டு ஏழு!"

அனுப்பிவிட்டுத்தான் தேதியைப் பார்த்தேன். அந்தச் செய்தி திங்கட்கிழமை வந்தது.

மூன்று ஆச்சரியக்குறி. ஆபரேஷன் முடிந்து மூன்று நாள்.

அவளிடமிருந்து பதில் வரவில்லை. இந்த வரி வரைக்கும் வரவில்லை. பட்டியலை வேறொருவர் எழுதிக்கொள்ளட்டும். நான் இதை எழுதுகிறேன்.

2.

அவளை எனக்குத் தெரியாது. தம்பி உண்டு, ஒரு காதுக்கு ஆபத்து உண்டு, ரசனை உண்டு. செய்தியில் இருப்பது இவ்வளவுதான். மீதியை நான்தான் போட்டு நிரப்ப வேண்டும்.

முதல் தொடக்கம்:

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் அவள் தன் இடது காதை மெல்ல —

வேண்டாம். காது போகப் போகிறவளை மழையில் ஜன்னலோரம் உட்கார வைத்தால் நீங்கள் இரண்டாவது வரிக்குள் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள். இது அழுகிற கதை இல்லை. "எது நல்லது, சீக்கிரம் சொல்லுங்க" என்று கேட்கிறவள் அழுதுகொண்டு கேட்கவில்லை. அவளுக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்:

பாட்டு டீச்சரான அவளுக்கு —

ஐயோ. காது போகிறவள் பாட்டு டீச்சர், கை போகிறவன் ஓவியன். கதை எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

மூன்றாவது தொடக்கம் கீழே. இதில் அவள் லிப்ட் மெக்கானிக். இது எனக்கு உடனே பிடித்துவிட்டது, ஏனென்றால் லிப்ட் மெக்கானிக்குக்கும் காதுதான் பிழைப்பு, ஆனால் யாரும் அதை வைத்துக் கவிதை எழுதமாட்டார்கள்.

3.

பன்னிரண்டு மாடிக் கட்டடம். "லிப்ட் இருமுதுங்க" என்று புகார். திங்கட்கிழமை காலை அவள் உள்ளே நுழைந்ததும் காவலாளி எழுந்து நின்றார். "லிப்டக்கா வந்தாச்சு, இனிமே அது ஒழுங்கா பேசும்" என்றார். அந்த வட்டாரத்தில் எல்லாக் கட்டடத்திலும் அவளுக்கு அதுதான் பெயர்.

அவளோடு வேலை செய்கிறவருக்குப் பெயர் எட்டாம் மாடி. ஒரு தடவை எட்டாவது மாடியில் மாட்டிக்கொண்டு, ஸ்பேனர் வெளியே, ஆள் உள்ளே என்று இரண்டு மணி நேரம் நின்றவர். அன்றிலிருந்து அப்படித்தான்.

லிப்டுப் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்று பார்ப்பது வழக்கமாக அவள் வேலை. தலைச்சுற்றல் வர ஆரம்பித்ததிலிருந்து டாக்டர் தடுத்துவிட்டார். ஆகவே கூரையில் எட்டாம் மாடி, பெட்டிக்குள் அவள். கூரையிலுள்ள சின்னக் கதவு திறந்திருந்தது. பெட்டி ஆமை வேகத்தில் ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் நின்றாள்.

"அண்ணே, நிறுத்துங்க. இங்கதான்."

"எங்கம்மா? எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"இடது பக்கம். மேல் மூலை. ஷூவைப் பாருங்க."

பெட்டியின் நாலு மூலையிலும் ஷூ என்று ஒன்று இருக்கும். சுவரிலுள்ள தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஓடுவது அதுதான். எட்டாம் மாடி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அடேங்கப்பா. பேப்பர் மாதிரி தேஞ்சு கிடக்கு. ஏம்மா, அந்தக் காதைக் கழட்டி கம்பெனிக்கே எழுதி வச்சிட்டுப் போயிடேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கூரைக் கதவில் அவர் தலை எட்டிப் பார்த்தது.

"சும்மா சொன்னேம்மா. வாய் தவறிருச்சு."

"அட, எழுதி வைக்கிறேண்ணே. ஆனா அது இப்பவே பாதி ரிப்பேரு. நீங்க வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

அது நிஜம்தான். காதுக்குப் பின்னால் நரம்பில் ஒரு கட்டி. உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எடுத்தே ஆகவேண்டும், எடுத்தால் அந்தப் பக்கம் கேட்காது. இப்போதே ஒரு வருடமாக இடது பக்கம் லேசாக மங்கியிருக்கிறது. மங்கலோடும் அவளுக்கு எது எந்த மூலை என்று தெரிகிறது. இரண்டு காது இருப்பதன் பலன் அதுதான். ஒரு காது சத்தத்தைச் சொல்லும். இரண்டு காது சேர்ந்தால்தான் இடத்தைச் சொல்லும்.

"நாளைக்கு என்ன பண்ணப் போற? அஞ்சு மணிக்குத்தானே ஆஸ்பத்திரியில சேரணும்?"

"பாட்டு கேக்கப் போறேன்."

"அந்தத் தகர டப்பா உருட்டுற பாட்டா?"

"அதேதான்."

"ஏம்மா, இந்த நேரத்துலயாவது நல்ல மெலடியா ஒண்ணு கேக்கக் கூடாதா?"

"அதுவும் மெலடிதாண்ணே. கொஞ்சம் கோவமா இருக்கு, அவ்வளவுதான்."

(இந்தக் கட்டத்தில் எனக்குக் கதை மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.)

4.

நீங்கள் கேட்கப்போகிற கேள்விகள். நான் முந்திக்கொள்கிறேன்.

பதினொன்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டால் என்ன? கேட்கலாம். மொத்தம் ஒன்பதே முக்கால் மணி நேரம். ஆனால் பதினொன்றைக் கேட்டாலும் கடைசியாக ஓடுவது ஒன்றுதான். அது எது என்பதுதான் பிரச்சினை.

போனில் மோனோ என்று ஓர் அமைப்பு இருக்கிறதே, இரண்டு பக்கச் சத்தத்தையும் கலந்து ஒரே காதுக்குக் கொடுக்குமே? தெரியும். அவளுக்கும் தெரியும். இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஏழாவதை அப்படிக் கேட்டுப் பார்த்துவிட்டாள். எல்லாரும் இருந்தார்கள், யாரும் விடுபடவில்லை. ஆனால் பத்துப் பேர் ஒரே லிப்டில் ஏறின மாதிரி இருந்தது.

தீப்பெட்டியை அறியாதவர்களுக்கு ஒரு தகவல். கிட்டார்காரர்களில் ஒருவர் நெட்டை, இன்னொருவர் சிலந்தி. (நெட்டை உயரம். சிலந்தி விரல்.) இரண்டாவது ஆல்பத்திலிருந்து எல்லாவற்றிலும் நெட்டை உங்கள் இடது காதில் வாசிப்பார், சிலந்தி வலது காதில். பாடகர் நடுவில், உங்கள் மூக்குக்கு மேலே எங்கோ நிற்பார். கிட்டார்களின் பக்கம் மாறியதே இல்லை. ஆகவே புதன்கிழமை அவள் இழக்கப்போவது ஒரு காதை மட்டும் இல்லை. நெட்டை உட்கார்ந்திருக்கிற நாற்காலியையும்தான்.

5.

தம்பி கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கண்ணுக்குப் பவர் பார்த்து, கண்ணாடி போட்டுக் கொடுப்பது அவன் வேலை. நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் ஒரு கனமான வட்டச் சட்டத்தை மாட்டி, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா... இதுவா?" என்று கேட்பான். பதினைந்து வருடமாகக் கேட்டுக் கேட்டு, வீட்டில் காய்கறி வாங்குவதைக்கூட அவன் அப்படித்தான் தீர்மானிக்கிறான்.

திங்கட்கிழமை மதியம் அவள் கடைக்குப் போனதும் அதே நாற்காலியில் உட்கார வைத்தான். மூக்கில் சட்டத்துக்குப் பதில் தலையில் ஹெட்போன்.

"அசையாம உக்காரு. ரெண்டு ரெண்டா காட்டுவேன். எது தெளிவா தெரியுதுன்னு மட்டும் சொல்லு."

"தெரியுதா? டேய், இது காது."

"பழக்கதோஷம். பேசாத."

ஒன்றையும் இரண்டையும் எடுத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம். "இதுவா... இதுவா?"

"ஒண்ணை வெளிய வை," என்றாள். "தண்ணி லாரி கொட்டகையில ஒரே ஒரு மைக்கை வச்சுப் பதிஞ்சது. அதுல இடமும் கிடையாது, வலமும் கிடையாது. ஆபரேஷனுக்கு அப்புறமும் அது அப்படியேதான் இருக்கும். அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

இரண்டு, மூன்று போயின. எட்டு, ஒன்பது, பத்து ஒரே மூச்சில் போயின. ஐந்தைப் பத்து நொடியில் நிறுத்தச் சொன்னாள். அது பாடகருக்குக் காதல் வந்த வருடத்தில் எடுத்தது. பதினொன்றுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டினாள். "வயசாயிடுச்சு அவங்களுக்கு. மூச்சு வாங்குது. பாவம்டா." ஆனாலும் அனுப்பிவிட்டாள்.

கடை வாசலில் ஒருவர், காலுடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, இந்த ஸ்க்ரூ மட்டும்..."

"ரெண்டு நிமிஷம் சார். எமர்ஜென்சி."

அவர் ஹெட்போனையும் அவளையும் பார்த்தார். கண்ணுக்குப் பவர் பார்க்கிற புது முறை போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

மிச்சம் மூன்று. நாலு, ஆறு, ஏழு.

"ஆறு எப்படி இன்னும் இருக்கு?" தம்பி போனிலிருந்த பட்டியலைக் குனிந்து பார்த்தான். "நான் தூக்கிட்டேனே."

"நான் திரும்ப வச்சேன்."

"அக்கா. அது ஆறு."

"தெரியுது."

"உலகத்துலயே அதைப் பிடிச்சவங்க மொத்தம் மூணு பேரு."

(வாக்கெடுப்பில் சரியாக மூன்று. தம்பிக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.)

ஆறு ஏன் கெட்ட பெயர் வாங்கியது என்று சொல்லவேண்டும். அந்த வருடம் நெட்டைக்கும் சிலந்திக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நெட்டை ஒரு வாரம் தனியாக வந்து வாசித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் சிலந்தி. டிரம்மர் யார் பக்கம் போவது என்று தெரியாமல் ஊருக்கே போய்விட்டார், மெஷினை வைத்துத் தட்டினார்கள். ஆகவே ஆறில் எல்லாமே ஒன்று இடது ஓரம், இல்லையென்றால் வலது ஓரம். நடுவில் ஒன்றுமே இல்லை, பாடகரைக்கூட ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கேட்டால் தலைக்குள் ஒரு காலி அறை இருக்கிற மாதிரி இருக்கும்.

"நாலை எடு," என்றான் தம்பி. "முப்பத்தெட்டு நிமிஷம். ஒரு இடத்துல கூட தொய்வு கிடையாது. அதுவுமில்லாம நாலு நம்முளுது."

நம்முளுது என்றால்: படிக்கிற காலத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் இயர்போன். இடது முனை அவளுக்கு, வலது முனை அவனுக்கு. நாலு வருடம் நாலை அப்படித்தான் கேட்டார்கள். அந்த நாலு வருடமும் தீப்பெட்டியில் யார் நல்ல கிட்டார்காரர் என்று அடித்துக்கொண்டார்கள். அவள் நெட்டை என்பாள், அவன் சிலந்தி என்பான். நெட்டையா, அந்த ஆளு வாசிக்கவே இல்லையே என்பான். பிறகு ஒரு நாள் வேறொருவர் வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் நாலைப் போட்டபோதுதான் இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். ஆளுக்குப் பாதி ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, முழு ஆல்பத்துக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

"நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்," என்றான் தம்பி. அவளைப் பார்க்காமல் லென்ஸ் பெட்டியை அடுக்கினான். "இனிமே பக்கம் மாத்திக்கலாம். நீ வலது போட்டுக்க. நான் இடது."

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அப்ப நெட்டை உனக்கா?"

"பத்திரமா பாத்துக்கறேன்."

"நாசமாப் போச்சு."

6.

இங்கே நான் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டேன்.

பிரச்சினை தம்பிதான். ரொம்ப நல்லவனாகிவிட்டான். பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவனோடு எப்படிச் சண்டை வரும்? செய்தியில் தெளிவாக இருக்கிறது: சண்டை போட்டு முடிவுக்கு வரல. நான் அவனுக்காகக் கண்கலங்கிக்கொண்டிருந்தால் நிஜமான அக்காவுக்கும் நிஜமான தம்பிக்கும் துரோகம். அவர்கள் சண்டை போட்டார்கள். நான் போட வைக்கவேண்டும்.

ஆகவே கண்ணாடிக் கடைக்குத் திரும்பிப் போகிறோம். ஸ்க்ரூ ஆசாமி இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

"நாலு வேணாம்டா," என்றாள் அவள். "நாலு எனக்குக் காது தேவையே இல்ல. சும்மா நின்னாலே உள்ள ஓடும். ஏழும் அப்படித்தான் ஆயிட்டு வருது."

"அதுக்காக?"

"ஆறை நான் ஒழுங்கா கேட்டதே இல்ல. ஒரு தடவை கேட்டுட்டு எல்லாரும் திட்டுறாங்கன்னு நானும் திட்டிட்டேன். புதன்கிழமைக்கு அப்புறம் கேக்கவே முடியாதது அது ஒண்ணுதான்."

"ஏன் முடியாது? ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேளு. முதல்ல சிலந்தி, அப்புறம் நெட்டை. முடிஞ்சுது."

"தனித்தனியா ரெண்டு பேரையும் பாக்கலாம். சேத்து வச்சுப் பாக்க முடியாது." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவங்க அந்த வருஷம் சந்திச்சுக்கவே இல்லடா. ஒரே ரூம்ல நின்னு வாசிக்கல. அவங்க ரெண்டு பேரும் சேர்ந்த ஒரே இடம் கேக்கறவன் மண்டைதான். அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வேணும்."

பதில் இல்லாதபோது தம்பிகள் செய்வதை அவனும் செய்தான். குரலை உயர்த்தினான்.

"நீ எப்பவுமே இப்படித்தான். பிடிச்சதை எடுக்கவே மாட்ட. எது உடையப் போகுதோ அதைப் போய்ப் புடிச்சுக்குவ."

"அதுதான்டா என் வேலை."

"இது வேலையா? கடைசியா ஒரு தடவை, சந்தோஷமா ஒண்ணு கேளுன்னா ஆராய்ச்சி பண்ணிட்டிருக்க. நாளைக்கு உனக்கு ஆறு பிடிக்கலன்னா? பாதியில எழுந்திரிச்சா? அதுக்கப்புறம் என்ன பண்ணுவ? திரும்பப் போட முடியுமா?"

அவள் மடியிலிருந்த ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா," என்றார் ஸ்க்ரூ ஆசாமி, "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் இருக்கு."

"அப்ப ஏழு?" என்றாள் அவள், ஏலம் விடுகிற குரலில். "ஏழுல ரெண்டு பேரும் சமாதானமாயிட்டாங்க. கடைசிப் பாட்டுல இவரு ஒண்ணு கேக்க, அவரு பதில் சொல்ல. எழுபத்தொரு நிமிஷம்."

"ஏழு சமரசம். உனக்கும் முழுசா பிடிக்காது, எனக்கும் முழுசா பிடிக்காது."

(எனக்குப் பிடிக்கும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. அதாவது, அப்போது கேட்கவில்லை.)

அந்தச் சைட்டுல இருக்கறவங்களைக் கேட்போம் என்று சொன்னது தம்பி. முப்பது வருஷமா இதே வேலையா இருக்காங்க, அவங்க சொல்லட்டும். நாலுன்னா நாலு, ஆறுன்னா ஆறு, மூச்சு விடமாட்டேன். அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, கட்டைவிரலால் அடித்தாள். எண்ணெல்லாம் போட்டுக் குழப்ப வேண்டாம், கேள்வியை மட்டும் கேட்போம் என்று எந்த இலக்கத்தையும் எழுதாமல் விட்டாள். நாலு, ஆறு, ஏழு என்று மூன்று இலக்கத்தைப் போட்டிருந்தால் அந்தச் செய்தி அந்த நிமிடமே என் முன்னால் வந்திருக்கும்.

7.

செவ்வாய்க்கிழமை.

அவளுக்கு லீவு. துணியை மடித்துப் பையில் வைத்தாள். மருத்துவச் சீட்டுகளை மேலாக வைத்தாள். தம்பி கடையை மதியத்தோடு அடைத்துவிட்டு வந்தான். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். இரண்டு பேரும் போனைப் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

அந்த மதியம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. முடிவுகள் பக்கத்தின் தலைப்பு சிவப்பில் இருக்கலாமா, செங்கல் நிறத்தில் இருக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இது தெளிவா, இதுவா. மூன்று மணி வரைக்கும் அதுதான் ஓடியது. செங்கல் நிறத்தில் வைத்தேன்.

இந்தப் பத்தியை மூன்று முறை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கதைக்கு இது தேவையில்லை. ஆனால் அவள் அறையில் ஒரு போன் பேசாமல் கிடந்தது என்றால், அது ஏன் பேசவில்லை என்பதும் கதையில் இருக்கவேண்டும்.

8.

முடிவுகள் இருக்கின்றன. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. அவள் ஏழாவதைப் போடுகிறாள். எழுபத்தொரு நிமிடம். கடைசிப் பாட்டில் நெட்டை கேட்க, சிலந்தி பதில் சொல்ல, அவள் முகத்தில் மெல்ல ஒரு — நிறுத்திவிட்டேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் படித்துப் பார்த்தால் அது அவளுடைய முடிவாகத் தெரியவில்லை, நானூற்றுப் பதிமூன்றாவது ஓட்டாகத் தெரிந்தது. என்னுடையது.

இரண்டாம் முடிவு. ஆறு. முதல் இரண்டு பாட்டு அவளுக்கு எரிச்சல். மூன்றாவதில் இடது ஓரத்திலிருந்து நெட்டை ஒன்றை இழுக்கிறார். வலது ஓரத்தில் சிலந்தி, அது தெரியாமலே, அதை முடித்து வைக்கிறார். நடுவில் இருந்த காலி அறையில் யாரோ விளக்குப் போட்ட மாதிரி ஆகிறது. கண் திறந்து தம்பியைத் தேடுகிறாள். இதை எழுதியபோது என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். புத்திசாலித்தனமான முடிவு. அப்புறம் தம்பி கேட்டது ஞாபகம் வந்தது: பிடிக்கலன்னா? ஆறு அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் புத்திசாலித்தனத்தைக் காட்ட அவளுடைய காதைச் செலவழிப்பதா?

மூன்றாம் முடிவு. அவள் எதையும் போடவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவின் சத்தத்தைக் கேட்கிறாள். தூரத்தில் ஒரு குக்கர். ஒரு சைக்கிள் மணி. தம்பியின் மூச்சு. இதுதான் மிக உயர்ந்த இசை என்று — இந்த முடிவை எழுதினால் எனக்குப் பரிசு கிடைக்கும். அவளுக்கு ஆல்பம் கிடைக்காது. ஒதுக்கி வைத்தேன்.

நாலுக்கு முடிவு எழுதவில்லையே என்று கேட்கிறீர்களா? முயற்சி செய்தேன். நாலை அவள் போட்டதும் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அது நல்ல முடிவாக இருந்தாலும் இருக்கும்.

9.

எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எந்த முடிவை எடுத்தாலும் நீங்கள் நம்புகிற மாதிரி எழுதிவிடுவேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவள் கதைக்கு முடிவு கேட்கவில்லை. ஓர் எண் கேட்டாள். நேரத்துக்குக் கேட்டாள். நேரம் போன பிறகு நான் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அது பதில் இல்லை.

உங்கள் நிலைமை வேறு. என் நாள்காட்டியில் அந்தச் செவ்வாய்க்கிழமை முடிந்துபோனது. இந்தப் பக்கத்தில் முடியவில்லை, நான் முடிக்கவும் போவதில்லை. இங்கே மணி மூன்று பத்து. ஆஸ்பத்திரிக்கு நாலரைக்குக் கிளம்பினால் போதும், எழுபத்தொரு நிமிடம்கூடத் தாங்கும். நெட்டை இடது பக்கம், சிலந்தி வலது பக்கம். மங்கலுக்காக இடது பக்கச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறான் தம்பி. மூன்று ஆல்பமும் தயாராக இருக்கின்றன. தீப்பெட்டியை நீங்கள் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை என்றாலும் பரவாயில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேர் அறியாததெல்லாம் இப்போது உங்களுக்குத் தெரியும்: கேட்கிறவள் யார், ஏன் கேட்கிறாள், எது போனால் எது திரும்ப வராது. நாலா, ஆறா, ஏழா?

அவள் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு பக்கத்தை மட்டும் லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தாள், தம்பி பேசுவது கேட்பதற்காக.

"என்னக்கா, ஏதாவது வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நாமளே ஒண்ணை வச்சிரலாமா?"

"இருடா. ஒரு நிமிஷம் பாப்போம். யாராவது சொல்லுவாங்க."